காலை ஆறு மணிக்கு விளக்கு வைத்த வல்லிபுரம்

குறிகட்டுவான் துறையடியில் அப்போது இரண்டு தேநீர்க் கடைகள் இருந்தன. இரண்டில் வல்லிபுரத்தின் தேநீர்தான் மோசம். சாயம் கூடினால் சீனி குறையும், சீனி கூடினால் சாயம் குறையும். இரண்டும் ஒருநாளும் ஒரே கோப்பையில் சந்தித்ததில்லை. ஆனாலும் நயினாதீவுக்கு வள்ளம் பார்த்து நின்ற சனம் அவருடைய கடையைத்தான் மொய்த்தது. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கடையோடு ஒட்டிய கிடுகுப் பந்தல். துறையில் அதை விட்டால் வெயிலுக்கு ஒதுங்க வேறு நிழல் இல்லை. மற்றது, அந்தப் பந்தலைத் தாங்கிய மரக் கப்பில் தொங்கிய கயிறு.

பெருவிரல் தடிப்பில் தென்னந்தும்புக் கயிறு. அதன் நுனி, கடை திறந்ததிலிருந்து பூட்டும்வரை கனன்றுகொண்டே இருக்கும். நெருப்புப் பெட்டி இல்லாதவர்கள், இருந்தும் குச்சியை மிச்சம் பிடிக்கிறவர்கள், குச்சியைப் பற்றிக் கவலை இல்லாவிட்டாலும் நாலு பேரோடு கதைக்க ஆசைப்படுகிறவர்கள், எல்லோரும் சுருட்டை வாயில் கவ்விக்கொண்டு அந்த நுனிக்குக் குனிவார்கள். பிறகு வள்ளம் வரும்வரை பந்தலுக்குள் நின்று ஊதுவார்கள். காலை ஏழரை வள்ளத்துக்கு முன் அந்தப் பந்தலைத் தூரத்தில் நின்று பார்த்தால், உள்ளே யாரோ நெல் அவிக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

வல்லிபுரத்துக்கு அதில் சொல்ல முடியாத பெருமை. மனிதர் பிறந்தது பக்கத்தில் இறுப்பிட்டியில். வளர்ந்தது சுருட்டு வாசத்தில். பதினாறு வயதில் ஆழ்வாப்பிள்ளை என்ற ஊர் முதலாளி அவரைக் கையோடு தெற்கே சிங்கள ஊருக்குக் கூட்டிப்போய்த் தன் சுருட்டுக்கடையில் நிறுத்தினார். தொழில் பழகியதும் தனிக்கடையும் போட்டுக் கொடுத்தார். கடையில் காலடி வைத்த முதல்நாள் ஆழ்வாப்பிள்ளை சொன்னது ஒரேயொரு புத்திமதி: "ஆருக்குச் சுருட்டு விக்கிறது எண்டதை நீ யோசி. நெருப்புக் கேட்டு வந்தவனை மட்டும் திருப்பி அனுப்பாதை." வல்லிபுரத்தின் தனிக்கடையிலும் இப்படித்தான் ஒரு கயிறு தொங்கியது. முப்பத்தொரு வருடம் தொங்கியது. கண்ணை மூடிக்கொண்டு மோந்தே இது எந்த ஊர்ப் புகையிலை, யார் சுற்றிய சுருட்டு என்று வல்லிபுரம் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து, பார்த்தவர்களின் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்தக் கடையைக் கொளுத்தினார்கள். மூன்று நாள், ஒரு சிங்களக் குடும்பத்தின் அரிசி அறையில், ஆழ்வாப்பிள்ளையும் அவரும் மூட்டைகளுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒளிந்திருந்தார்கள். வந்த சோற்றுக் கோப்பையில் முதலாளி தன் பங்கில் பாதியை இவர் பக்கம் தள்ளிவிடுவார். பிறகு கப்பலேறி ஊர் வந்து சேர்ந்ததும், துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் வல்லிபுரம் ஒரு பகிடி சொன்னார். "ஒரு வருசத்துச் சுருட்டை ஒரே நாளில பத்தி முடிச்சிட்டாங்கள். நல்ல வாடிக்கையாளர்." வந்தவர்கள் சிரித்தார்கள். மனைவி அன்னபூரணம் மட்டும் சிரிக்காமல் எழுந்து குசினிக்குள் போனார். அதன் பிறகு வல்லிபுரம் அந்தப் பகிடியை வீட்டில் சொன்னதில்லை.

துறையில் தேநீர்க் கடை போட்டதும் அவர் முதலில் செய்த வேலை கயிறு கட்டியதுதான். கேத்தல் வாங்கியது அதற்குப் பிறகு.

அவருக்கு ஒரே மகள், சறோஜினிதேவி. படித்து முடித்து ஆறு வருடம் நியமனத்துக்குக் காத்திருந்தவள். எண்பத்து நாலு தை மாதம் கடிதம் வந்தது. நயினாதீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு ரீச்சர். கடிதத்தை அவள் மூன்று தரம் வாசித்தாள்; அன்னபூரணம் சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார்; வல்லிபுரம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு துறைக்குப் போய், கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் காட்டினார்.

அவளுக்கு ஏழு வயதிலிருந்து தொய்வு வருத்தம். மூச்சு இழுக்கத் தொடங்கினால் தோள் இரண்டும் காதுவரை ஏறும். இந்த வருத்தத்துக்கான காரணங்களை வல்லிபுரம் வருடா வருடம் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார். முதலில் கிணற்றுத் தண்ணீர். பிறகு வாழைப்பழம். பிறகு தலை முழுகிவிட்டு ஈரத்தோடு படுப்பது. ஒருமுறை, ஊருக்கு விடுமுறையில் வந்திருந்தபோது, வாயில் சுருட்டோடு அவளின் கட்டிலருகே இருந்து, "பக்கத்து வளவு முருங்கைப் பூத்தான் இதுக்கு மூலம்" என்று அறிவித்தார். முருங்கையை வெட்டினார்கள். தொய்வு வெட்டுப்படவில்லை.

இப்போது அவள் தினமும் காலை ஏழு மணிக்குத் தகப்பனின் பந்தலடிக்கு வந்து வள்ளத்துக்குக் காத்திருக்க வேண்டும். உள்ளே புகை, வெளியே வெயில். அவள் குடையை விரித்துக்கொண்டு வெளியேதான் நிற்பாள். எந்தப் பக்கம் நிற்பது என்பதைக் காற்றைப் பார்த்துத்தான் தீர்மானிப்பாள். வாடைக் காற்றென்றால் பந்தலுக்கு வடக்கே, காற்று திரும்பினால் தெற்கே. மழை தூறினால் ஒரு பக்கமும் இல்லை. உள்ளேதான் வரவேண்டும். தகப்பன் அவளைக் கண்டதும், "தள்ளி நில்லுங்கோ, ரீச்சர் வாறா" என்று சத்தம் போட்டு இடம் பிடித்துக் கொடுப்பார். இடம் எப்போதும் கயிற்றுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும்.

மாசி மாதத்தில் ஒருநாள் அப்படித்தான் தூறல். ஏழரை வள்ளம் புறப்பட்டுப் பாதிக் கடலில் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. வள்ளம் ஓட்டுகிற யாகப்பு அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தை ஏறியிருந்தவர்கள் ஒரு மாதம் சொல்லித் திரிந்தார்கள். நயினாதீவில் மருந்து கொடுத்தார்கள்; மறுநாள் அன்னபூரணம் அவளை ஊர்காவற்றுறைக்குக் கூட்டிப்போய் டொக்டரிடம் காட்டினார். திரும்பி வந்து கணவருக்குச் சொன்னார்.

"புகைதானாம்."

"என்ன புகை? வீட்டில அடுப்புப் புகையோ?"

"டொக்டர் கேட்டார், தகப்பன் என்ன செய்யிறார் எண்டு. தேத்தண்ணிக் கடை எண்டன். முந்தி என்ன செய்தவர் எண்டார். சுருட்டுக்கடை எண்டன். அதுக்குப் பிறகு அந்த மனிசன் ஒண்டும் கேக்கேல்லை."

அந்தப் பிள்ளையின் புத்தகம், சப்பாத்து, விடுதி எல்லாம் சுருட்டில் வந்தவை. அதுதான் அவளின் நெஞ்சை அடைக்கிறது என்று ஒரு டொக்டர் வந்து சொல்ல, அதை எந்த வாயால் ஒத்துக்கொள்வது? அவர் டொக்டருக்கு வயது காணாது என்று முடிவு செய்தார்.

அடுத்த மூன்று கிழமையில் சறோஜினிக்கு இரண்டு தரம் அதே கோலம். பள்ளிக்கூட அதிபர் நல்ல மனிதர். "பிள்ளை, உடம்பு முதல், வேலை பிறகு" என்று அன்பாகத்தான் சொன்னார். ஆனால் கணக்குப் பாடம் வாரத்தில் பாதி நாள் நடக்கவில்லை. அன்று பின்னேரம் அவள் ஒரு கடிதம் எழுதி, மடித்துத் தகப்பனிடம் கொடுத்தாள்.

"வேலையை விடுறன் எண்டு எழுதியிருக்கிறன், அப்பா. ரெண்டாம் தவணை முடியுமட்டும் பாப்பம். அதுக்குப் பிறகும் இப்பிடியெண்டால் நீங்களே அதிபரிட்டைக் குடுத்துவிடுங்கோ. எனக்கு அதைக் குடுக்க மனம் வராது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். ஆறு வருடம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டார். அதே பை. நியமனக் கடிதம் இருந்த பை.

மறுநாள் ஒரு மட்டையில் சிவப்பு மையால் 'இவ்விடத்தில் புகைத்தல் ஆகாது' என்று எழுதினார். எல்லோர் கண்ணும் எங்கே போகும் என்று யோசித்து, கயிற்றுக்குச் சரி மேலே கட்டினார். சுருட்டு மூட்டக் குனிந்தவர்கள் எல்லோரும் நிமிரும்போது அதை வாசித்தார்கள். ஒருவர் எழுத்து நல்லாயிருக்கிறது என்றார். யாகப்பு ஒரு இழுப்பு இழுத்து ஊதிவிட்டுக் கேட்டார்.

"வல்லிபுரமண்ணை, உது ஆருக்கு எழுதிப் போட்டிருக்கிறியள்?"

"எல்லாருக்கும்தான்."

"அப்ப உங்கட வாயில இருக்கிறது என்ன?"

வல்லிபுரம் வாயிலிருந்ததை எடுத்துப் பார்த்தார். அது சுருட்டுத்தான். மூன்றாம்நாள் மட்டையைக் கழற்றி, கேத்தலுக்கு அடியில் வைத்தார்.

கயிற்றை அறுத்தெறிந்தால் என்ன என்று வாசிக்கிறவர்கள் கேட்கலாம். அன்னபூரணமும் கேட்டார். "நெருப்புக் கேட்டு வந்தவனுக்கு இல்லையெண்டு சொல்ல எனக்கு ஏலாது" என்றார் வல்லிபுரம். எல்லாம் எரிந்து போனபிறகும் அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு பேர்தான். அதையும் தானாகவே கொளுத்துவதா?

அவருக்கு வழி காட்டியது பக்கத்து வீட்டுப் பெண். பங்குனி மாதம், பொழுதுபடுகிற நேரம். அன்னபூரணம் அப்போதுதான் முன் விறாந்தையில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினார். பக்கத்து வீட்டுப் பெண் சிரட்டையோடு வேலியடிக்கு வந்து, "அக்கா, ரெண்டு தணல் தாங்கோ" என்றாள்.

"விளக்கு வைச்சாச்சு, பிள்ளை. இனி நெருப்புக் குடுக்கிறேல்லை."

"ஓம் அக்கா, நான்தான் மறந்துபோனன்" என்று அவள் திரும்பிப் போனாள். கோபமில்லை, குறையில்லை. விளக்கு வைத்தபின் வீட்டிலிருந்து நெருப்போ உப்போ வெளியே போகக் கூடாது. போனால் லட்சுமியும் கூடப் போய்விடுவாள். தீவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

கதிரையில் சாய்ந்திருந்த வல்லிபுரம் நிமிர்ந்து இருந்தார். நெருப்பு இல்லையென்று சொல்லியாகிவிட்டது. சொன்னவருக்கு மரியாதையும் குறையவில்லை. சொன்னது அன்னபூரணம் இல்லை, விளக்கு.

அடுத்தநாள் காலை ஆறு மணிக்கு, ஒரு சனமும் வருமுன், பந்தலின் நடுக் கப்பில் நாகபூசணி அம்மன் படம் ஒன்றை அடித்தார். படத்துக்குக் கீழே ஒரு தட்டு, தட்டில் விளக்கு, விளக்கைச் சுற்றிக் காற்றுக்குத் தகரத் தடுப்பு. மகளின் கடிதத்தைப் படத்துக்குப் பின்னால் செருகினார். விளக்கை ஏற்றினார். பிறகு கயிற்றின் நுனியைத் தண்ணீருக்குள் அமத்தினார். அது சீறி அணைந்தது.

முதலில் வந்தவர் யாகப்பு. சுருட்டோடு கயிற்றுக்குக் குனிந்து, மோந்து பார்த்து, நிமிர்ந்தார்.

"நெருப்பெங்கை?"

"விளக்கு வைச்சாச்சு, தம்பி. இனிக் குடுக்கிறேல்லை."

"விடியக்காலமை ஆறரை மணியண்ணை."

"அம்மாளாச்சிக்குக் காலமை பின்னேரம் எண்டு இருக்கோ?"

"நான் வேதக்காரன். உங்கட விளக்கு எனக்கு இல்லை."

வல்லிபுரம் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு உள்ளே போய் ஒரு மெழுகுதிரியைக் கொண்டுவந்து விளக்குக்குப் பக்கத்தில் நட்டு, "இது அந்தோனியாருக்கு" என்றார். யாகப்பு அவரைப் பார்த்தார், மெழுகுதிரியைப் பார்த்தார், தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார். சிலுவை போட்ட கையால் சுருட்டைக் காதிடுக்கில் செருகவேண்டி வந்தது.

துறை முழுக்க அன்றைக்கு இதே கதை. நெருப்புப் பெட்டி வைத்திருந்தவர்களும் எரிகிற விளக்குக்கு முன்னால், அம்மன் பார்த்துக்கொண்டிருக்க, ஊதுவதா விடுவதா என்று தடுமாறினார்கள். கடைசியில் வழக்கு நயினாதீவுக் குஞ்சிதபாதக் குருக்களிடம் போனது. கோயில் அலுவலாகப் பட்டணம் போய் வந்துகொண்டிருந்த குருக்களை ஐந்தாறு பேர் வளைத்துக்கொண்டார்கள். காலையில் வைத்த விளக்கு, விளக்கு வைத்த நேரத்தில் சேருமா சேராதா?

குருக்கள் மந்திரம் சொல்லிப் பிழைக்கிறவர். இந்தப் பந்தலுக்குள் நின்று இருமி இருமி எத்தனையோ நாள் குரல் கட்டிப்போய் வள்ளமேறியவர். அவர் கண்ணை மூடி, சாஸ்திரம் முழுவதையும் ஒருமுறை புரட்டுகிறவர்போல நின்றார்.

"விளக்கு எரியுற நேரமெல்லாம் விளக்கு வைச்ச நேரம்தான். அம்பாளுக்கு முன்னாலை புகை விடுறதெண்டால் சாம்பிராணிப் புகை விடலாம்."

சாம்பிராணி யாரிடமும் இருக்கவில்லை.

பாவம் என்று பட்டோ என்னவோ, வல்லிபுரம் அன்று மாலையே கயிற்றைக் கொண்டுபோய், வடக்கே கடற்கரையோரம் தனியாக நின்ற பனையில் கட்டி மூட்டிவிட்டார். பந்தலிலிருந்து நூற்றைம்பது அடி. "அங்கை விளக்கில்லை. அங்கை போய்ப் பத்துங்கோ. நெருப்பில்லையெண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை" என்றார். வெயிலில் நடந்து போய்ப் பற்றவைத்து, வள்ளம் வருகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்து, வந்ததும் பாதியில் அணைத்துவிட்டு ஓடி வருவதற்குப் பலருக்கு அலுப்பும் பஞ்சியுமாக இருந்தது. குறைச்சுருட்டுகள் காதுகளில் பெருகின. வெயில் நடைதான் சுருட்டுக்குக் கட்டுகிற வரியென்று சொல்லி, யாகப்பு பனையடிக்குத் 'தீர்வைத் துறை' என்று பேர் வைத்தார்.

எல்லோரிலும் பார்க்கக் கஷ்டப்பட்டவர் வல்லிபுரம்தான். மற்றவர்கள் வந்து போகிறவர்கள். அவர் காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை தான் ஏற்றிய விளக்குக்கு முன்னாலேயே நிற்கவேண்டும். கடையை விட்டுப் பனையடிக்குப் போனால் கேத்தல் பொங்கும். முதல் கிழமை, மூட்டாத சுருட்டை வாயில் வைத்துச் சப்பினார், வந்தவர்களைக் கடித்தார். சில்லறை கேட்ட ஒரு அனலைதீவு மனிதரோடு அரை மணித்தியாலம் சண்டை பிடித்தார். மூன்றாம் கிழமை ஒரு அதிசயம் நடந்தது. தன் தேநீரைத் தானே ஒருநாள் குடித்துப் பார்த்தவர், முகத்தைச் சுளித்து, "இதையோ இவ்வளவு நாளும் குடுத்தனான்?" என்றார். முப்பது வருடமாகக் காணாமல் போயிருந்த நாக்கு திரும்பி வந்திருந்தது. சாயமும் சீனியும் அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒரே கோப்பையில் சந்தித்தன.

சறோஜினி பந்தலுக்குள் வந்து வாங்குப் பலகையில் இருந்தாள். குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தினாள். சித்திரை முழுவதும் ஒருநாள்கூட இழுக்கவில்லை. வைகாசியில் ஒருநாள் மட்டும். அதுவும் விளக்கு அணைந்த நாள். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று தொடங்கிவிட்டது. தகரத் தடுப்பையும் மீறி அது விளக்கை ஊதிவிடும். சனத்துக்கு அது நன்றாகப் பழகிவிட்டது. காதிடுக்குச் சுருட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, சாதுவாக, பக்தியோடு, விளக்கையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சுடர் படுத்துவிட்டால் பத்து நெருப்புக் குச்சிகள் ஒன்றாக உரசப்படும். அம்மனை அவ்வளவு ஒருமனமாகப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் கோயிலில்கூட இருந்திராது. வல்லிபுரம் எண்ணெய்ப் போத்தலும் கையுமாக ஓடிக்கொண்டே இருந்தார். தவணை முடிய இன்னும் இரண்டு மாதம். கடிதம் படத்துக்குப் பின்னால் இருந்தது.

ஆனி மாதம் அம்மன் கோயில் தேர். எங்கிருந்தெல்லாமோ வந்த சனம் துறையில் நெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தண்ணீர்ப் பந்தலுக்குச் சறோஜினி பொறுப்பு. விடியவே வந்து, வள்ளத்துக்காகக் கப்போடு ஒட்டி நின்றாள். நெரிசலில் வெளியே போகவும் வழியில்லை. அந்த நேரம் பார்த்துச் சனத்தை விலக்கிக்கொண்டு, பட்டுச் சால்வையும் தங்கப் பல்லுமாக ஒருவர் வந்தார். ஆழ்வாப்பிள்ளை. இப்போது கொழும்பில் மருமகனோடு இருக்கிறார், தேருக்கென்று வந்திருந்தார்.

அரிசி அறைக்குப் பிறகு இரண்டு பேரும் இன்றைக்குத்தான் சந்திக்கிறார்கள். வல்லிபுரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்கிலிருந்தவர்களை எழுப்பி முதலாளியை இருத்தினார். ஓடிப்போய்த் தேநீர் ஊற்றினார். அந்த ஓட்டத்தில் விளக்கை மறந்தார். சோளகம் மறக்கவில்லை. சுடர் ஒருமுறை படுத்து, எழும்பி, அணைந்தது. அந்தோனியாரின் மெழுகுதிரி முதலே அணைந்து போயிருந்தது.

ஆழ்வாப்பிள்ளை விளக்கைக் கவனிக்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நீளச் சுருட்டையும், ஜேர்மனியிலிருந்து மகன் அனுப்பிய பளபளக்கிற லைற்றரையும் எடுத்தார். மூட்டினார். முதல் புகை சறோஜினியின் முகத்துக்கு நேரே போனது. காதிடுக்குச் சுருட்டுக்காரர்கள் அணைந்த விளக்கைப் பார்த்தார்கள், முதலாளியைப் பார்த்தார்கள், தங்கள் சுருட்டுகளை எடுத்தார்கள். சறோஜினி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அவளுடைய தோள்கள் மெல்ல ஏறத் தொடங்கின.

வல்லிபுரத்தின் ஒரு கையில் தேநீர், மறு கையில் எண்ணெய்ப் போத்தல். விளக்கை ஏற்றுவதற்கு இரண்டு நிமிடம் வேண்டும். ஏற்றினாலும், சோறு பங்கு தந்த மனிதரிடம் போய், 'அம்மாளாச்சி கோபிப்பா' என்று எப்படிச் சொல்வது? கடையில் அவர் சொல்லித் தந்த முதல் பாடமே நெருப்பைப் பற்றியது. மகளின் தோளைப் பார்த்தார். போத்தலைக் கீழே வைத்தார்.

"அண்ணை," என்றார். "இது என்ர மகள். இவளுக்குத் தொய்வு. சுருட்டுப் புகைதான் இவளுக்கு ஆகாதது. கிணத்துத் தண்ணியுமில்லை, முருங்கைப் பூவுமில்லை. எனக்கு எப்பவோ தெரியும். சொல்ல வெக்கமாயிருந்தது. இந்தப் பந்தலுக்கை வேண்டாம் அண்ணை."

எடுத்த சுருட்டுகள் எடுத்தபடியே நின்றன. ஆழ்வாப்பிள்ளை சுருட்டைப் பார்த்தார். அதன் நுனியைத் தன் செருப்பின் அடியில் வைத்து நசுக்கினார். பிறகு நடுக் கப்பில் அம்மன் படத்தையும், அணைந்த விளக்கையும், தகரத் தடுப்பையும், மெழுகுதிரியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாகப்பு பக்கத்தில் நின்று அவருடைய காதுக்குள் ஏதோ சொன்னார். கிழவரின் தங்கப் பல் தெரிந்தது.

"இந்த ரெண்டு வசனத்தைச் சொல்லுறதுக்கோ, வல்லிபுரம், மூண்டு மாசமா அம்மாளையும் அந்தோனியாரையும் வள்ளத்தடியில காவலுக்கு நிப்பாட்டி வைச்சிருக்கிறீர்?"

பந்தல் முழுவதும் சிரித்தது. சுருட்டுகள் ஒவ்வொன்றாகக் காதிடுக்குக்குத் திரும்பின. ஒருவர் மட்டும், விளக்கு அணைந்துதானே இருக்கிறது என்று முணுமுணுக்கப் பார்த்தார்; யாகப்பு அவருடைய தோளில் கையைப் போட்டுப் பனையடிப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். சனம் விலகி வழி விட, காற்று உள்ளே வந்தது. சறோஜினியின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின.

வல்லிபுரம் அம்மன் படத்தை விலக்கி, பின்னாலிருந்து கடிதத்தை எடுத்தார். மூன்று மாத எண்ணெய்ப் பிசுக்கு அதில் ஊறிப்போயிருந்தது. மகளைப் பார்த்தார். அவளுக்கு அது என்னவென்று தெரிந்தது. "ஓம் அப்பா" என்றாள்.

அவர் கடிதத்தை நீளமாகச் சுருட்டினார். கைப்பழக்கம், அளவும் இறுக்கமும் அச்சொட்டாகச் சுருட்டு மாதிரியே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆழ்வாப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணை, கொஞ்சம் நெருப்புத் தாங்கோ."

"கேட்டு வந்தவனை நான் திருப்பி அனுப்பினதில்லை" என்று கிழவர் லைற்றரைத் தட்டினார்.

எண்ணெய் ஊறிய காகிதம் சட்டென்று பற்றிக்கொண்டது. வல்லிபுரம் அதைக் கையால் மறைத்துக் கொண்டுபோய் விளக்கை ஏற்றினார். மிச்சத்தில் அந்தோனியாரையும் ஏற்றினார். கடிதம் எரிந்த புகைக்குச் சறோஜினி ஒருமுறை இருமினாள். யாகப்பு வள்ளத்திலிருந்து, "ரீச்சர், ஏறுங்கோ" என்று கூப்பிட்டார்.